சாவி எல்லோருக்கும் பொது

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது வரலாற்றின் முதல் பெரிய நிகழ்ச்சி. அந்த நெருப்பைச் சரியான நொடியில், சரியான இடத்தில், பெட்ரோல் வீணாகாமல் பற்ற வைத்தது இரண்டாவது. இந்த இரண்டாவது நிகழ்ச்சி ஒரு வீட்டின் பக்கவாட்டு ஷெட்டில், தகரக் கூரையின் கீழ், 'முதுவாகனப் பேணுநர் பேரவை'யின் மேலான ஆதரவுடன் நடந்தேறியது. இரண்டுக்கும் நடுவில் சக்கரம், அச்சு இயந்திரம், தடுப்பூசி என்று சில சில்லறைச் சங்கதிகளும் நடந்ததாகச் சொல்கிறார்கள். பேரவையின் ஆண்டறிக்கையில் அவற்றுக்கு இடம் போதவில்லை.

வீடு பேரவைத் தலைவருடையது. காரும் அவருடையதே. அவரைவிட இரண்டு வயது மூத்த கார். உருண்டை முதுகு, புருவம் தூக்கிய விளக்குகள், கதவைச் சாத்தினால் இரும்பு பீரோவைச் சாத்திய சத்தம். இப்படி ஒரு கார் வைத்திருப்பவர்கள் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். தலைவர் அப்படிப்பட்டவரல்ல. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி சாவியை அதில் மாட்டியிருந்தார்.

"சாவி எல்லோருக்கும் பொது. யாருக்கு வேணுமோ எடுத்துக்கலாம். இந்த வீட்டுல ஆண் பெண்ணுங்கற வித்தியாசமே கிடையாது" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வார். வந்தவர்கள் மெய்சிலிர்த்துப் போவார்கள்.

இந்த உயர்ந்த கொள்கைக்குக் கார்தான் ஒத்துவரவில்லை. தலைவர் சாவியைத் திருகினால் கிளம்பியது. வேறு யார் திருகினாலும் கர்ர், கர்ர் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டது. அதற்கு மேல் பேச மறுத்தது.

"நான் என்ன பண்ண முடியும்? நான் குடுக்கறேன். அது ஏத்துக்க மாட்டேங்குது" என்று கையை விரிப்பார் தலைவர்.

காரணத்தையும் அவரே விளக்கியிருக்கிறார். டிஸ்ட்ரிபியூட்டர் என்ற கறுப்புக் கிண்ணத்துக்குள் 'பாயிண்ட்' என்று இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் உண்டு. அவை தொட்டுத் தொட்டுப் பிரியும். பிரியும் ஒவ்வொரு முறையும் ஒரு தீப்பொறி. தேய்ந்தால் உப்புத்தாள் போட வேண்டும். இடைவெளி மயிரிழை தப்பினாலும் வண்டி முரண்டு பிடிக்கும். "பாயிண்ட்டுங்கறது மனசு மாதிரி. என் கைச்சூடு அதுக்குப் பழகிப்போச்சு" என்பார். சாவியைத் திருகும் கையின் சூடு எந்த வழியாகப் பாயிண்ட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்பது நாகரிகமல்ல.

நாகரிகமல்லாத இன்னொரு செயலும் இருந்தது. ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும் முன்பும், நிறுத்திய பின்பும் தலைவர் பானெட்டைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுச் சிறிது நேரம் "வண்டியோடு பேசுவார்". அப்போது எட்டிப் பார்க்கக் கூடாது. வீட்டார் சுவர் பக்கம் திரும்பி, அங்கே மாட்டியிருந்த டயர் கம்பெனி காலண்டரைப் படிப்பார்கள். வருடத்தின் எந்தத் தேதி என்ன கிழமை என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

தலைவரின் மனைவி கல்யாணத்துக்கு முன்பே லைசன்ஸ் எடுத்தவள். வந்த புதிதில் ஒரு மாதம் தினமும் காலையில் ஷெட்டுக்குப் போய்ச் சாவியைத் திருகிப் பார்த்தாள். பிறகு, "ஆக்ஸிலரேட்டர மிதிக்கற கால் எனக்குச் சரியில்ல போல" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, பஸ்ஸில் போகப் பழகிவிட்டாள். லைசன்ஸ் அவளுடைய பொத்தான் டப்பாவின் அடியில் காலாவதியாகிக் கிடந்தது.

மகளும் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்று லைசன்ஸ் வாங்கியவள்தான். ஆனால் வேறு மாதிரி. அவளுக்குத் தன் மேல் நம்பிக்கை இல்லாமல் போகக் கார் தேவைப்படவில்லை. பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருவாள். இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி தெருமுனைக்குப் போனதும், சரியாக இழுத்தோமா என்று யோசிப்பாள். ஆகவே கார் தன்னை நம்பாததில் அவளுக்கு வியப்பில்லை. அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ளலாமே என்று வாகன மின்னியல் பற்றிய மாலை நேர வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பு பல மாதங்களாகப் பேட்டரியைத் தாண்டவில்லை. ஆனால் ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக் கொடுத்திருந்தது: பழுது தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

இந்த நிலையில்தான் ஊர்க்கோடி நீரேற்று நிலையத்தில் தண்ணீர்ப் பரிசோதகர் வேலை அவளுக்குக் கிடைத்தது. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் போகும் முதல் பஸ் கிளம்புவதே ஆறரைக்கு. ஏழு மணிக்கு முன் தலைவர் கண் விழித்ததாக வரலாறு இல்லை. சேர வேண்டிய நாளுக்குள் வந்து சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

"அப்பா, பாயிண்ட்தானே பிரச்சினை?" என்றாள்.

"ஆமாம்மா."

"பாயிண்ட்டையே எடுத்துட்டா?"

தலைவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எடுத்துட்டா?"

"எலக்ட்ரானிக் இக்னிஷன்னு ஒண்ணு இருக்காம்ப்பா. தொடறது, பிரியறது எதுவுமே கிடையாது. ஒரு காந்த வளையம், ஒரு சென்சார், அவ்வளவுதான். தேய்மானமே இல்ல. யாரு திருப்பினாலும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "நான் தப்பாவும் புரிஞ்சுக்கிட்டிருக்கலாம்" என்று சேர்த்தாள்.

"தப்பாப் புரிஞ்சுக்கிட்ட மாதிரி தெரியலையே" என்றது சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்.

மறுப்பது தலைவரின் வழக்கமல்ல. "அருமையான யோசனைம்மா" என்றார். "பேரவையில வெச்சுடலாம்."

அந்த வீட்டில் 'முடியாது' என்ற சொல் புழக்கத்திலேயே இல்லை. அதன் வேலை முழுவதையும் 'பேரவையில வெச்சுடலாம்' பார்த்துக்கொண்டது.

பேரவையில் தலைவரோடு சேர்த்துப் பதினொரு பேர். உறுப்பினராவதற்குப் பழைய கார் வைத்திருந்தால் போதாது. அந்தக் கார் உரிமையாளரின் கைக்கு மட்டுமே கிளம்ப வேண்டும். அதுவே 'மெய்யான முதுவாகனம்' என்பதற்கு அடையாளம். பதினொரு வீடுகளிலும் சாவி ஆணியில் தொங்கியது. பதினொரு வீடுகளிலும் பெண்கள் பஸ்ஸில் போனார்கள்.

மின்னணுப் பற்றவைப்பு என்ற சொல் கேட்டதும் பேரவை பரபரப்படைந்தது. நவீனத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள் என்று பெயரெடுக்க யாருக்கும் விருப்பமில்லை. உடனே, பாயிண்ட்டை எடுத்தால் காரின் ஆன்மாவும் போய்விடுமா என்று ஆராயத் துணைக்குழு அமைத்தார்கள். முன்னாள் நீதிபதி அதற்குத் தலைமை தாங்கினார். காரின் ஆன்மா கார்புரேட்டரில் இருப்பதாகக் குழு கண்டறிந்ததால் ஆட்சேபணை விலக்கிக்கொள்ளப்பட்டது. இதற்கே மழைக்காலம் முடிந்துவிட்டது.

அடுத்து ஒரு தொழில்நுட்பக் கேள்வி. மின்னணுப் பற்றவைப்புக்கு வேண்டிய பாகங்களை 'கிட்' என்று ஒரே பெட்டியில் விற்கும் எலக்ட்ரிக் கடைக்காரர், அவரும் உறுப்பினர்தான், எழுந்து நின்று கேட்டார்: "பழைய வண்டி சிலதுல பேட்டரியோட பிளஸ்ஸ பாடியில கட்டியிருப்பாங்க. சிலதுல மைனஸ. மாத்திக் குடுத்தா கிட்டு புகைஞ்சுடும். தலைவர் வண்டியில எது?"

பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அடுத்தவர் பானெட்டுக்குள் பார்ப்பது நாகரிகமல்ல. தலைவரும் தம் வாயால் சொல்லி உறுப்பினர்களின் சிந்தனைச் சுதந்திரத்தைப் பாதிக்க விரும்பவில்லை. ஆகவே வாக்கெடுப்பு நடந்தது. மைனஸுக்கு ஆறு, பிளஸ்ஸுக்கு ஐந்து. மைனஸ் வென்றது.

கிட் பொருத்தப் போன அன்று கடைக்காரர் கண்ணால் பார்த்தார். பிளஸ்தான் பாடியில் இருந்தது.

"தலைவரே, இது பிளஸ்ஸால்ல இருக்கு?"

"தீர்மானம் என்ன?"

"மைனஸ்."

"அப்புறம் என்ன?"

கடைக்காரர் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டார். மெல்லிய வெள்ளைப் புகை எழுந்தது. வாக்கெடுப்பின் முடிவை யாரும் காருக்குத் தெரிவித்திருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மறைந்த கிட்டுக்கு மௌன அஞ்சலி செலுத்திவிட்டு, பாயிண்ட்டைப் பழையபடி மாட்டிவிட்டுக் கலைந்தார்கள். இந்த முறை பிளஸ்ஸுக்கு ஏற்ற கிட்டைத் தருவிக்க, தோற்ற ஐவரின் கோரிக்கையின் பேரில், ஏகமனதாக முடிவாயிற்று.

இரண்டாவது கிட் வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை. மகள் வேலையில் சேர வேண்டிய கடைசி நாள் திங்கட்கிழமை.

ஞாயிறு காலை தலைவர் வண்டியோடு பேசி முடித்த பிறகு கடைக்காரரை அழைத்தார். மகள் டார்ச் பிடித்தாள். கடைக்காரர் டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடியின் இரண்டு கிளிப்புகளையும் நெம்பி எடுத்தார். உள்ளே அச்சின் உச்சியில் செருகியிருந்த கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டு ஒன்றைக் கழற்றித் துணியில் வைத்தார். அதன் தலையில் பித்தளைப் பட்டை மின்னியது.

"இது என்ன அண்ணா?"

"ரோட்டர்மா. கரண்ட்டப் பங்கு போட்டுக் குடுக்கற ஆளு. சுத்திச் சுத்தி ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கா ஊட்டுவாரு. இவரு இல்லேன்னா நாலு பிளக்கும் பட்டினிதான்."

சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொன்னவர் போலத் தலைவரைப் பார்த்தார். தலைவர் இருமினார். கடைக்காரர் அதன்பின் வாய் திறக்காமல் பாயிண்ட்டைக் கழற்றி, சென்சாரைத் திருகி, காந்த வளையத்தை அச்சில் இறக்கி, அதன் மேல் ரோட்டரைச் செருகி மூடினார்.

பதினொரு மணிக்குப் பேரவை முழுவதும் ஷெட்டில் கூடியது. தலைவர் ஏறி அமர்ந்து சாவியைத் திருகினார். வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. அதன் ஓட்டத்தில் பழைய தள்ளாட்டமே இல்லை. கைதட்டல் அடங்கியதும் தலைவர் எஞ்சினை நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம். நன்றி சொல்லிட்டு வந்துடறேன்."

பானெட் எழுந்தது. பத்து உறுப்பினர்களும் காலண்டரின் பக்கம் திரும்பினார்கள். பானெட் மூடியது. தலைவர் சட்டைப்பையை நீவிக்கொண்டே வந்தார்.

"வாம்மா, இப்ப உன் முறை. சாவி எல்லோருக்கும் பொது."

மகள் ஏறினாள். சீட்டை முன்னே இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள். ஆட்டியதில் மாறிவிட்டதோ என்று மறுபடி ஆட்டினாள். சாவியைத் திருகினாள்.

கர்ர், கர்ர், கர்ர்.

ஷெட்டில் ஒரு பெருமூச்சு பரவியது. கடைக்காரர் முகம் வேர்த்தது. "கிட்டு நல்ல கிட்டுங்க. பானெட்ட லேசாத் தூக்கினா..." என்று தொடங்கியவர், தலைவரின் முகத்தைப் பார்த்தார். அவரிடமும் ஒரு பழைய கார் இருந்தது. "...இல்ல, வேணாம். சூடா இருக்கும்" என்று முடித்தார்.

"பார்த்தீங்களா!" என்று முன்னாள் நீதிபதி தழுதழுத்தார். "பாயிண்ட்டே இல்ல. அப்பவும் தலைவரைத்தான் ஏத்துக்குது. எலக்ட்ரானிக்குக்கும் ஆள் தெரியுதய்யா!"

தலைவரை ஆயுள் காலத் தலைவராக்க வேண்டும் என்று ஒரு குரல் எழுந்தது. தலைவர் அடக்கத்தோடு தரையைப் பார்த்தார்.

மகள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நாளைக் காலை ஆறு மணி. நடந்தால் போய்ச் சேர முடியாது. "என் கால்தான் சரியில்ல போல" என்று முணுமுணுத்தாள்.

ஷெட்டின் பக்கக் கதவில் கைத்துடைப்புத் துணியோடு நின்றிருந்த அம்மா அதைக் கேட்டாள். கைத்துணியை முறுக்கத் தொடங்கினாள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் மகள். "அப்பாவுக்கும் எனக்கும் என்னென்ன வித்தியாசம்னு பாத்து, ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கலாமா? தப்புன்னா விட்டுடலாம்."

"அறிவியல்!" என்று துள்ளினார் உறுப்பினர்களில் ஒருவரான பல் டாக்டர். "அப்படிக் கேளும்மா. எடை? அது சீட்டுக்குத்தான் தெரியும். கைச்சூடு? சாவி இரும்பு, ஆறிப் போயிடும். மிச்சம் இருக்கறது வாசனை. என் க்ளினிக்குல குழந்தைங்க அழறது என் முகத்தைப் பாத்தா? இல்ல. வாசனைக்கு! தலைவரோட சட்டையப் போட்டுக்கிட்டு நீ திருப்பிப் பாரு."

"சட்டையா?" என்றார் தலைவர். அவர் முகத்திலிருந்து அடக்கம் விலகி வேறு ஏதோ வந்தது. "பத்து பேர் முன்னாடி நான் எப்படி... உள்ள போய் வேற சட்டை கொண்டாரேன்."

"அது துவைச்சதா இருக்கும். வாசனை போயிருக்குமே."

"சரி, பையில இருக்கறத எடுத்துட்டுத் தரேன்."

"கூடாது!" பல் டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "எதையும் எடுக்கக் கூடாது. ஒரு பேனா குறைஞ்சாலும் சோதனை செல்லாது."

"கடைக்காரரே, நீங்களாவது சொல்லுங்க" என்றார் தலைவர். கடைக்காரர் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி வாக்கெடுப்புக்கு விட்டார். தீர்மானம் நிறைவேறியது. "தலைவரும் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவர்தானே தலைவரே?" என்றார். தலைவர் கட்டுப்பட்டார். பனியனோடு நின்றார். அந்தப் பனியனில் ஓர் ஓட்டை இருந்தது. அதைப் பார்ப்பது நாகரிகமல்ல.

மகள் தன் உடைக்கு மேலே அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டாள். அது முழங்கால் வரை வந்தது. சீட்டை அப்படியே வைத்தாள், கண்ணாடியைத் தொடவில்லை. மாற்றியது சட்டை ஒன்றை மட்டும்தான். சாவியைத் திருகினாள்.

கர்ர், கர்ர், கர்ர்.

"வாசனையும் இல்ல" என்று பல் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். மகள் அப்படியே ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்தாள். நெஞ்சில் ஏதோ கெட்டியாகக் குத்தியது. சட்டைப்பைக்குள் கைவிட்டு எடுத்தாள்.

கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டு. தலையில் பித்தளைப் பட்டை.

தான் பார்ப்பது தவறாக இருக்கலாம் என்று வழக்கம்போல முதலில் தோன்றியது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். காலையில் துணியில் கிடந்த அதே துண்டுதான். நாலு பிளக்குக்கும் ஊட்ட வேண்டிய ஆள், அப்பாவின் சட்டைப்பையில் இருந்தார்.

"அம்மா, இது என்னன்னு தெரியுமா?"

அம்மா எட்டிப் பார்த்தாள். "இதா? அப்பாவோட பேனா மூடி. துவைக்கும்போது அடிக்கடி வரும். குட்டையா இருக்கே, என்ன பேனாங்கன்னு கேட்டேன். ஃபாரின் பேனான்னாரு. பொத்தான் டப்பாவுல நாலஞ்சு கிடக்கு, எதுக்காவது ஆகும்னு எடுத்து வெச்சிருக்கேன்."

தகரக் கூரை வெயிலில் ஒரு முறை படபடத்தது.

மகள் இறங்கினாள். பானெட்டைத் தூக்கினாள். பழக்க தோஷத்தில் பத்துப் பேரும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அம்மா மட்டும் திரும்பவில்லை.

கறுப்பு மூடியின் இரண்டு கிளிப்புகளையும் மகள் நெம்பினாள். உள்ளே அச்சின் உச்சி மொட்டையாக இருந்தது. அதில் ஒரு வெட்டு. ரோட்டரின் வயிற்றில் அதற்கேற்ற ஒரு மேடு. வேறெந்தப் பக்கம் வைத்தாலும் உட்காராது. தவறாகச் செய்யவே முடியாத ஒரு வேலையை அவள் வாழ்க்கையில் முதன்முதலாகச் செய்தாள். ஆனாலும் ஒரு முறை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மூடினாள், ஏறினாள், திருகினாள்.

முதல் சுற்றிலேயே வண்டி கிளம்பியது.

அம்மா கைத்துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பனியனோடு நின்றவரின் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க."

"சொல்லும்மா."

"எத்தனை பேனா வெச்சிருந்தீங்க?"

தலைவருக்குப் பேரவையில் வைக்க வேண்டிய கேள்வியாக இது தோன்றியது. ஆனால் பேரவை காலண்டரை விட்டுத் திரும்புவதாக இல்லை. "வண்டி திருடு போயிடக் கூடாதேன்னுதான்..." என்றார்.

"யாரு திருடுவா? நானா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அம்மா பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். இரும்பு பீரோ சாத்திய சத்தம்.

"எங்கம்மா போகணும்?" என்றாள் மகள்.

"நாளைக்கு நீ போற வழிய ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்" என்றாள் அம்மா. "திரும்பி வர்றப்ப எங்கயாவது காலி மைதானம் இருந்தா நிறுத்து. என் கால் நல்லாத்தான் இருக்கான்னு பாக்கணும்."

"இருக்கும்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மகள் யோசித்தாள். "தெரியும்" என்றாள். அதை மறுபடி சரிபார்க்கவில்லை.

தலைவரின் சட்டையோடு வண்டி தெருவில் இறங்கித் திரும்பி மறைந்தது.

பேரவை அங்கேயே, புகை அடங்குவதற்குள், அவசரக் கூட்டம் நடத்தியது. முன்னாள் நீதிபதி தீர்மானத்தை வாய்மொழியாக முன்மொழிந்தார்: மின்னணுப் பற்றவைப்பு முதுவாகனங்களின் ஒழுக்கத்தைக் குலைக்கிறது, யார் திருகினாலும் ஓடுகிறது, நம் வீடுகளின் அமைதியைக் கருதி உறுப்பினர் எவரும் அதை வாங்கக் கூடாது. கடைக்காரர் தம் வியாபாரத்துக்கே எதிராக வழிமொழிந்தார். கொள்கைப் பிடிப்பு என்றால் அது.

"ஆதரிக்கறவங்க கை தூக்கலாம்" என்றார் நீதிபதி.

எல்லோரும் ஆதரித்தார்கள். ஆனாலும் ஒருவர் கையும் எழவில்லை. நீதிபதியின் கை உட்பட, பத்துக் கைகளும் பத்துச் சட்டைப்பைகளை இறுக மூடிக்கொண்டிருந்தன.

தலைவர் மட்டும் இரண்டு கைகளையும் தாராளமாகத் தூக்கினார். அவருக்குத்தான் சட்டை இல்லையே.